மூன்று கொம்பு இலை

எங்கள் தெருவில் எதிர்வீட்டு விஷயம் எனக்குத் தெரியாது என்று நான் சொன்னால் எதிர்வீட்டுக்காரர்களே நம்ப மாட்டார்கள். எதிர்வீட்டில் இருப்பவர் அய்யாதுரை அண்ணாச்சி. சிவகாசியில் வெடிப் பெட்டிகளுக்கு லேபிள் அடிக்கும் பிரஸ் வைத்திருக்கிறார். அவர் மனைவி பத்திரகாளி எனக்கு மதினி முறை. எந்த வழியில் மதினி என்று சொல்ல ஆரம்பித்தால் அதுவே ஒரு மணி நேரம் ஆகும், விட்டுவிடுங்கள்.

பத்திரகாளி தலைக்கு ஒரு எண்ணெய் காய்ச்சுவாள். மஞ்சள் கரிசலாங்கண்ணி இலையை இடித்துச் சாறெடுத்து, செக்கு எண்ணெயில் ஊற்றி, சலசலப்பு அடங்கும்வரை அடுப்படியில் நிற்பாள். மகள் ஹர்ஷினிக்குக் காலேஜ் விடுதித் தண்ணீரில் முடி கொட்டியபோது தொடங்கிய காய்ச்சல் அது. மகளுக்குக் கல்யாணமாகிப் போன பிறகும் காய்ச்சுவதை விடவில்லை. தெருவில் பாதிப் பேர் தலையில் அந்த எண்ணெய்தான். என் தலையிலும்தான். போன வருசத்திலிருந்து எனக்கு முடி கொட்டுவது நின்றுவிட்டது. இதை நான் கேட்டவர்களிடம் சொன்னேன், கேட்காதவர்களிடமும் சொன்னேன்.

என் வாய் வழியாகப் போன செய்தி விருதுநகரில் நாட்டு மருந்துக்கடை வைத்திருக்கும் சீனிவாசகம் வரைக்கும் எட்டியது. அவர் போனில் பத்திரகாளியிடம் சொன்னார். "லேபிள் ஒட்டி நாப்பது பாட்டில் கொடுங்க, கடையில வச்சுப் பாக்கேன். ஆனா புதன்கிழமை நானே வந்து இலையப் பாப்பேன். மாத்து இலைன்னு தெரிஞ்சா வாசப்படி ஏத்த மாட்டேன். போன மாசம் ஒருத்தன் கொண்டாந்த மூட்டைய அப்படியே திருப்பிவிட்டேன்."

அன்றைக்கு பத்திரகாளி என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தாள். அப்புறம் சொன்னாள். "மதினி, பிரஸ்ல அவுக பேரு. கார்ல அவுக பேரு. கேட்டுல கூட அவுக பேருதான். முப்பது வருசத்துல என் பேரு அச்சுல வந்தது கல்யாணப் பத்திரிகையில ஒரு தடவ. அதுலயும் ஒரு எழுத்து விட்டுப்போச்சு."

லேபிள் அடிப்பவர் பொண்டாட்டிக்கு லேபிளில் பேர் வரவேண்டும். அவ்வளவுதான் ஆசை. இதற்குப் பிறகு நடந்த கூத்தைப் பார்த்தால், அவள் விருதுநகரையே எழுதிக் கேட்டிருந்தாலும் சுலபமாக முடிந்திருக்கும் என்று தோன்றுகிறது.

முதல் தகராறு பேரில். அண்ணாச்சி, "பத்திரகாளின்னு பாட்டில்ல போட்டா, காலியானதும் குப்பையில போடுவான். சாமி பேரு குப்பையில கெடக்கலாமா?" என்றார்.

"அப்ப என்னைய எங்கன போடுறதா இருக்கீக?" என்று பத்திரகாளி கேட்டாள். பேர் அதுவே என்று முடிவானது.

பெரிய வெடிக் கம்பெனிக்காரர் ஒருவருக்கு அப்போது பிரஸ்ஸில் புஸ்வாணப் பெட்டி லேபிள் ஓடிக்கொண்டிருந்தது. ஷீட்டில் அந்த லேபிள்களை அடுக்கியது போக ஓரத்தில் ஒரு பட்டை சும்மா கிடக்கும். அதைச் சும்மா வெட்டிப் போட இந்த ஊரில் எவனுக்கும் மனசு வராது. சொந்தக்காரர் வீட்டு விசேஷ அட்டை, கோயில் ரசீது, ஏதாவது ஒன்றை அதில் சொருகிவிடுவார்கள். அண்ணாச்சி பொண்டாட்டியைச் சொருகினார். மகன் சூர்யபிரகாஷ்தான் பிரஸ்ஸில் டிசைன் பார்ப்பவன். அவன் வீட்டு மதில் ஓரம் படர்ந்திருந்த மஞ்சள் பூவைப் போனில் படமெடுத்து, மஞ்சளை இன்னும் கொஞ்சம் ஏற்றி, இலையைப் பளபளவென்று ஆக்கி, பத்திரகாளி கூந்தல் எண்ணெய் என்று எழுத்துப் போட்டுவிட்டான். புஸ்வாணம் இருபதாயிரம் ஷீட் என்பதால் எண்ணெய் லேபிளும் இருபதாயிரம். காய்ச்சி நிரப்பியிருந்த பாட்டில் நாற்பது.

ஞாயிற்றுக்கிழமை லேபிள் கட்டு வீட்டுக்கு வந்தது. பத்திரகாளி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். நானும் போய் நின்றேன். அவள் பேரைத் தடவித் தடவிப் பார்த்தாள். எனக்கே ஒரு மாதிரி இருந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் கருப்பம்மாள் வந்து சேர்ந்தாள்.

கருப்பம்மாளுக்கு ஊர் தாயில்பட்டி. அங்கே ஒரு வெடி ஃபேக்டரியில் வேலை. வெம்பக்கோட்டை அணைக்குக் கீழே வாய்க்கால் கரையில் பறித்த இலையை இரண்டு வருசம் ஞாயிறுதோறும் கொண்டுவந்து கொடுத்தவள் அவள்தான். சீசன் சூடு பிடித்தால் ஞாயிறும் வேலை என்பார்கள், வர முடியாது. போன வருசம் அப்படி நாலு வாரம் வராமல் போனதும், பத்திரகாளி பொறுமை இல்லாமல் சாத்தூர் ரோட்டு நர்சரியில் மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று கேட்டு நாலு தொட்டி வாங்கி மதில் ஓரம் நட்டாள். அது ஆறே மாதத்தில் மதிலையே முழுங்கிவிட்டது. வீட்டு வாசலில் மலிந்து கிடக்கும்போது வாய்க்கால் இலை எதற்கு? கருப்பம்மாளை வர வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. வந்தால் வாங்கவில்லை, அவ்வளவுதான்.

அந்த வாரம் ஆய்வு என்று ஃபேக்டரியைப் பூட்டி வைத்திருந்தார்கள். சும்மா இருக்க முடியாமல் ஒரு பை இலையோடு வந்திருந்தாள். லேபிளைக் கையில் வாங்கினாள். கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தாள், தள்ளி வைத்துப் பார்த்தாள்.

"நல்லாருக்கு யக்கா. ஆனா இது என்ன பூவு?"

"என்ன கேள்வி இது? எண்ணெயில போடுற பூவு."

"எண்ணெயில போடுறதுக்கு இலையில கொம்பு இருக்காதே. இதுல மூணு கொம்புல்ல இருக்கு."

நான் லேபிளைப் பார்த்தேன், மதிலைப் பார்த்தேன். மதிலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு என்னவோ உறுத்திக்கொண்டிருந்தது அதுதானா என்று அப்போதுதான் உறைத்தது. மதிலில் இருந்த இலை ஒவ்வொன்றும் பக்கத்துக்கு ஒரு முனை, நடுவில் ஒரு முனை என்று மூன்று கொம்போடு பளபளத்தது. நாலுவழிச் சாலையின் நடுவில் அழகுக்கு நட்டு வைத்திருக்கிறார்களே, அதே இலை.

உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்த அண்ணாச்சி வெளியே வந்தார். "மஞ்சளா இருக்குல்ல? பூ மாதிரி இருக்குல்ல? அப்புறம் என்ன கொம்பு, வாலுன்னுக்கிட்டு? நான் முப்பது வருசமா லேபிள் அடிக்கேன். கிளி படம் போட்ட வெடிக்குள்ள கிளியா இருக்கு? குழந்தப் படம் போட்ட பெட்டிக்குள்ள குழந்தையா இருக்கு? படம் பளிச்சுன்னு இருக்கணும். உள்ள இருக்கிறது உள்ள இருக்கும்."

இந்த ஊரில் வளர்ந்த மனிதருக்கு இது நியாயமான பேச்சு. எனக்கும் ஒரு நிமிடம் நியாயமாகத்தான் பட்டது.

"படத்த விடுங்க," என்றாள் பத்திரகாளி. "உள்ள இருக்கிறதே இந்த இலைதான. ஒரு வருசமா நான் இதத்தான காய்ச்சிக்கிட்டு இருக்கேன்."

அவள் குரல் போன போக்கில் அண்ணாச்சி பேப்பரை மடித்து வைத்தார்.

"சரி, ஏன் சண்ட. பையில இருக்கிறத எடுத்துப் பக்கத்துல வச்சா தெரிஞ்சுபோவுது," என்று நான்தான் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். கருப்பம்மாள் பையைத் தரையில் கவிழ்த்தாள். அதில் ஒரே செடியாக இருந்தால்தானே? நீள இலை பாதி, சொரசொரவென்று பல்வெட்டு வைத்த இலை பாதி. அந்த இரண்டாவதில் ஒன்றிரண்டு பூவும் இருந்தது. நடுவில் மஞ்சள், சுற்றி வெளிறிய நாலைந்து இதழ்.

"இது வெட்டுக்காயப் பூண்டுல்ல?" என்றேன் நான்.

கருப்பம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "எம்மவ சினேகாட்ட கரையில போய்ப் பறின்னு சொன்னேன். அது போனப் பாத்துக்கிட்டே கைக்கு எட்டினத எல்லாம் பறிச்சிருக்கு."

அண்ணாச்சிக்கு ஏகத்துக்கும் சந்தோஷம். "பாத்தியா? இவளுக்கே தெரியல. இவ வந்து என் லேபிளக் குத்தம் சொல்லுதா."

"எனக்குத் தெரியும் அண்ணாச்சி. பறிச்சவளுக்குத்தான் தெரியல."

சூர்யபிரகாஷ் போனைத் தூக்கிக்கொண்டு வந்தான். செடியைப் படமெடுத்தால் பேர் சொல்லும் ஏதோ ஒன்று அதில் இருக்கிறதாம். மதில் செடியை மேலிருந்து எடுத்தான், ஒரு பேர் சொன்னது. பக்கவாட்டில் எடுத்தான், இன்னொரு பேர் சொன்னது. கருப்பம்மாள் கொண்டுவந்த நீள இலைக்குப் பூ இல்லாததால் புளிச்சக் கீரையாக இருக்கலாம் என்றது. கடைசியில் லேபிளையே காட்டினான். சூரியகாந்தி என்றது.

"ஏலே, நீ மஞ்சள ஏத்தின ஏத்துக்கு அது சூரியகாந்தின்னுதான் சொல்லும்," என்றார் அண்ணாச்சி.

அன்றே போய்க் கரையில் பார்த்துவிட்டு வருவது என்று பத்திரகாளி முடிவு செய்துவிட்டாள். புதன்கிழமைக்கு நடுவில் இரண்டு நாள்தான். அண்ணாச்சி வெயிலைச் சொன்னார், மத்தியானச் சாப்பாட்டைச் சொன்னார், டயரில் காற்று இல்லை என்றார். அவள் ஏற்கனவே காரில் ஏறி உட்கார்ந்திருந்தாள். கருப்பம்மாளும் நானும் பின்னால் ஏறினோம். என்னை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டால்தான் வருவேன் என்று இருந்தால் எனக்கு இந்தத் தெருவில் என்ன தெரிந்திருக்கும்?

வழி முழுக்க அண்ணாச்சி முன்கண்ணாடியிடம் பேசிக்கொண்டே ஓட்டினார். "சீசன் நேரத்துல மிஷின விட்டுட்டு இலை பாக்கப் போறேன். எவனாச்சும் கேட்டா என்ன சொல்ல? கரிசலாங்கண்ணிக்குப் பொண்ணு பாக்கப் போனேன்னு சொல்லவா?"

கருப்பம்மாள் என் காதில், "மதில்ல வளர்த்ததும் என்னைய மறந்துட்டாகள்ல. இப்ப காரு வச்சுக் கூட்டிட்டுப் போறாக," என்றாள். முன்சீட்டில் பத்திரகாளியின் கழுத்து அசையவில்லை. கேட்டுவிட்டது என்று எனக்குத் தெரியும்.

ஆடிக் காற்று வாய்க்கால் கரையில் மண்ணை வாரி மூஞ்சியில் அடித்தது. கரை மொட்டையாகக் கிடந்தது. தூர்வாருகிறோம் என்று ஜேசிபி விட்டுச் சுரண்டியிருந்தார்கள்.

"போன மாசம் இங்கன பாய் விரிச்ச மாதிரி கெடந்துச்சு யக்கா," என்றாள் கருப்பம்மாள்.

"இப்ப பாயக் காணோம். கெளம்புங்க," என்றார் அண்ணாச்சி.

பத்திரகாளி கிளம்பவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கரையோடு நடந்தாள். அவள் பின்னால் கருப்பம்மாள், அவள் பின்னால் நான், ரொம்பப் பின்னால் கார்ச் சாவியைச் சுற்றிக்கொண்டு அண்ணாச்சி. வழியில் மஞ்சளாக எது தெரிந்தாலும் அண்ணாச்சி, "இந்தா, இதுதான்" என்று கத்தினார். ஆவாரம்பூ, நெருஞ்சி, ஒரு தடவை பிஸ்கட் கவர்.

மதகு ஒன்று கசிந்துகொண்டிருந்த இடத்தில் கருப்பம்மாள் நின்றாள். ஈரமண்ணில் முறம் அகலத்துக்கு ஒரு பச்சை. ஜேசிபி கை எட்டாத மூலை. அவள் குனிந்து ஒரு தண்டைத் தூக்கினாள். கணுவுக்குக் கணு வேர் விட்டிருந்தது.

"இது தாயில்பட்டி வெயிலுக்குக் கூடச் சாகாது யக்கா. மேல காஞ்சாலும் ஒரு கணு ஈரத்துல இருந்தாப் போதும், அடுத்த மழைக்கு எந்திரிச்சிரும். இலையத் தொட்டுப் பாருங்க."

பத்திரகாளி தொட்டாள். நானும் தொட்டேன். நீளமான இலை, கொம்பு கிடையாது. விரலுக்கு லேசாகச் சொரசொரத்தது. மதில் செடியின் பளபளப்பே இதில் இல்லை. பூ சின்னதாக, ஒல்லிக் காம்பின் நுனியில் ஒன்றே ஒன்றாக, யார் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சரி என்பதுபோல நின்றது. இலையைக் கசக்கி முகர்ந்ததும் சூடம் மாதிரி ஒரு மெல்லிய வாசனை. பத்திரகாளி கண்ணை மூடிக்கொண்டாள். "இந்த வாசன ஒரு வருசமா அடுப்படியில வரல. எண்ணெய்தான் மட்டமோன்னு நெனச்சு செக்க மாத்தினேன்," என்றாள்.

அண்ணாச்சி எட்டிப் பார்த்தார். "இம்புட்டுப் பூவுக்கா இம்புட்டு அலைச்சல்? இத லேபிள்ல போட்டா கண்ணுக்கே தெரியாது."

வேரோடு நாலு கொடியும் ஒரு கை இலையும் எடுத்துக்கொண்டு திரும்பினோம். வரும் வழியில் அண்ணாச்சி ஒரு தீர்ப்புச் சொன்னார். புதன்கிழமை சீனிவாசகம் பார்க்கப்போவது இலையை. நல்ல இலை கையில் இருக்கிறது. காட்டிவிடலாம். பாட்டிலுக்குள் என்ன இலை என்று எண்ணெயைப் பார்த்து எந்தக் கொம்பனுக்கும் தெரியாது. லேபிளை ஓட்டமாக ஒரு பார்வை பார்ப்பார், மஞ்சளாக இருக்கும், முடிந்தது. அடுத்த காய்ச்சலில் நல்ல இலை போட்டுக்கொள்ளலாம்.

நான் அவர் பக்கம்தான். வெளிப்படையாகச் சொல்கிறேன். மாற்று இலை எண்ணெய் என்று தெரு முழுக்கப் பரவினால் என் முடி எதனால் நின்றது என்று எல்லோரும் என்னிடம் வந்து கேட்பார்கள். நான் என்ன சொல்வேன்? பத்திரகாளி மடியில் இருந்த கொடியின் வேர்மண் உதிராமல் பிடித்துக்கொண்டு வந்தாள். கருப்பம்மாளை இறக்கிவிடும்போது மட்டும், "புதன்கிழம வேல இல்லன்னா நீயும் வா," என்றாள்.

புதன்கிழமை சீனிவாசகம் பதினோரு மணிக்கு வந்தார். கருப்பம்மாள் அதற்கு முன்பே வந்து வாசல் ஓரம் நின்றிருந்தாள். மெலிந்த மனிதர், சட்டைப் பையில் ஒரு சின்ன பூதக்கண்ணாடி. வந்தவர் காப்பி வேண்டாம் என்றார், உட்காரவும் இல்லை. மதில் செடியைக் கடக்கும்போது அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அண்ணாச்சி தட்டில் வாய்க்கால் இலையைக் கொண்டுவந்து நீட்டினார். சீனிவாசகம் ஒரு இலையைத் திருப்பி, நரம்பைப் பார்த்து, கசக்கி முகர்ந்தார். முகம் மலர்ந்தது. "சுத்தம். இந்தப் பக்கத்துல இத நான் பாத்தே நாலு வருசமாச்சு. சரிம்மா, பாட்டில எடுத்துக்கிடுறேன்."

நான் மூச்சை விட்டேன். அண்ணாச்சி சூர்யபிரகாஷைப் பார்த்துப் பெட்டியைத் தூக்கச் சொல்லிக் கண் காட்டினார்.

"கொஞ்சம் இருங்க," என்றாள் பத்திரகாளி. வாசலுக்குப் போனாள். மதில் செடியில் ஒரு கொப்பைப் பிடுங்கிக்கொண்டு வந்து தட்டில் வைத்தாள். அதன் மேல் லேபிளை வைத்தாள். "நீங்க பாத்த இலை இவ கொண்டாந்தது. இந்த நாப்பது பாட்டில்ல இருக்கிறது இந்த இலை. நர்சரியில ஏமாந்துட்டேன், இவதான் கண்டுபிடிச்சா. லேபிள்ல இருக்கிறதும் இதுதான்."

அண்ணாச்சி கூரையைப் பார்த்தார். நான் என் தலைமுடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

சீனிவாசகம் மூன்று கொம்பு இலையை எடுத்தார். "இது கப்பல்ல வந்த அழகுச் செடி. இத மஞ்சள் கரிசலாங்கண்ணின்னு பாதி நர்சரிக்காரன் விக்கான். அந்தா இருக்கே, அது நம்ம மண்ணுலயே மொளைச்சது. இத நீங்க சொல்லாம இருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது. எடுத்துட்டுப் போயி வித்திருப்பேன்."

"அதான் சொன்னேன்," என்றாள் பத்திரகாளி.

"இந்த நாப்பதையும் எடுக்க மாட்டேன்."

"சரி."

"புதுசாக் காய்ச்சுங்க. லேபிள மாத்துங்க. ஆவணி பத்துக்கு மேல வாரேன்." படியிறங்கும்போது கருப்பம்மாளைப் பார்த்து நின்றார். "உனக்கு எப்படித் தெரிஞ்சுச்சு?"

"கொம்பு இருக்கே சாமி," என்றாள் அவள். இதில் என்ன கேள்வி என்பதுபோல.

அவர் போனதும் அண்ணாச்சி ஒரு மணி நேரம் பேசினார். அதில் எழுதக்கூடியது கொஞ்சம்தான். "இருபதாயிரம் லேபிளு. இருபதாயிரம். உண்ம பேசுறதுக்கு ஒரு அளவு வேண்டாமா?" பத்திரகாளி அதைக் கேட்டுக்கொண்டே மதில் செடியை வேரோடு பிடுங்கிக்கொண்டிருந்தாள். குளியலறைத் தண்ணீர் போகும் பக்கம் வாய்க்கால் கொடியை நட்டாள். கருப்பம்மாள் ஓரமாக நின்று, "தண்ணி தேங்கணும் யக்கா. காஞ்சா என்னையக் கூப்பிடாதீக," என்றாள். அதற்குள், ஜேசிபி எட்டாத மூலைகளில் தேடிப் பறித்தாவது, ஞாயிறு தவறினாலும் செவ்வாய்க்குள் இலை வந்துவிட வேண்டும் என்று இரண்டு பேரும் பேசி முடித்திருந்தார்கள். யார் வீட்டு மதிலிலும் இனி நம்பிக்கை வைப்பதாக இல்லை.

இரண்டாவது லேபிளுக்கு பத்திரகாளி தானே பிரஸ்ஸுக்குப் போனாள். முப்பது வருசத்தில் ஆயுத பூசைக்குத் தவிர அவள் அங்கே போய் நான் பார்த்ததில்லை. ஒரு டம்ளர் தண்ணீரில் கொடியைப் போட்டு சூர்யபிரகாஷ் மேஜைமேல் வைத்தாள். அவன் மஞ்சளை ஏற்றினான், குறைக்கச் சொன்னாள். இலையைப் பளபளப்பாக்கினான், எடுக்கச் சொன்னாள். பூவைப் பெரிதாக்கினான். "அது எம்புட்டு இருக்கோ அம்புட்டு இருக்கட்டும்ல," என்றாள். மிஷினில் ஷீட் ஓடும்போது இலையைக் கையில் வைத்து ஒப்பிட்டுக்கொண்டே நின்றாளாம். மிஷின்காரர் என்னிடம் வந்து அழாத குறையாகச் சொன்னார். ஆவணி பன்னிரண்டாம் தேதி சீனிவாசகம் நாற்பது பாட்டில் எடுத்துக்கொண்டு போனார். பேரில் எழுத்து எதுவும் விட்டுப்போகவில்லை. நான் இரண்டு தடவை எண்ணிப் பார்த்தேன்.

பழைய நாற்பதைத் தெருவில் பிரித்துக் கொடுத்தார்கள். எனக்குப் பதினொன்று. அதைத்தான் இன்னும் தேய்க்கிறேன். முடி கொட்டவில்லை. இதை யாரிடமும் சொல்லவும் முடியவில்லை. மதிலில் பிடுங்கியது வாரம் ஒருமுறை எங்காவது ஒரு கணுவிலிருந்து மூன்று கொம்போடு எட்டிப் பார்க்கிறது. பத்திரகாளி வாரம் ஒருமுறை பிடுங்குகிறாள்.

அந்த இருபதாயிரம் லேபிளா? போன வாரம் ஒரு பென்சில் மத்தாப்புக் கம்பெனிக்காரர் அண்ணாச்சி வீட்டுக்கு வந்திருந்தார். மூலையில் கிடந்த கட்டைப் பார்த்து அவருக்குப் பூ பிடித்துப்போனது. எழுத்தை மட்டும் மாற்றி இதே படத்தை என் பெட்டிக்கு அடித்துத் தாருங்கள் என்று ஆர்டரே கொடுத்துவிட்டார். போகிற போக்கில், "இது என்ன பூ அண்ணாச்சி, நல்லாருக்கே?" என்று கேட்டார்.

நான் வாசலில்தான் இருந்தேன். மஞ்சப் பூ என்று சொல்லிவிட்டுப் போகக்கூடிய மனிதர்தான் அய்யாதுரை அண்ணாச்சி. அன்றைக்கு லேபிளை வாங்கினார், கண்ணாடியைப் போட்டார், விரலை வைத்துக் காட்டினார். "பூவப் பாக்காதீக. இலையப் பாருங்க. மூணு கொம்பு இருக்கா? அப்ப இது அது இல்ல."

"எது இல்ல?" என்றார் வந்தவர்.

அண்ணாச்சி பெருமூச்சு விட்டார். "உக்காருங்க," என்றார். "அது பெரிய கத."